நவாநகர் மன்னரும் போலந்துக் குழந்தைகளும்

கிரிக்கெட் ஆட்டத்தில் ஈடுபாடுள்ள நம் காலனி இளைஞர்கள் நவாநகர் என்னும் பெயரைக் கேட்டால் உடனே ரஞ்சியை நினைப்பார்கள். 1934-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் ரஞ்சி கோப்பைப் பந்தயம் அவர் பெயரால் அமைந்தது. துலீப் கோப்பையின் பெயருக்கு உரியவர் அவருடைய உடன்பிறந்தார் மகன். ஆனால், அந்தத் துலீப்பின் தமையனாரும் ரஞ்சிக்குப் பின் நவாநகர் அரியணையில் அமர்ந்தவருமான ஜாம்சாகேப் திக்விஜய சிங்ஜியை நம்மவருள் அறிந்தவர் சிலரே. அவருடைய பெயரைச் சொல்லும் சதுக்கம் ஒன்று போலந்து நாட்டின் தலைநகரமாகிய வார்சாவில் இருக்கிறது. குஜராத்தின் கடற்கரையில் வாழ்ந்த ஒரு சிற்றரசருக்கும், பனி மூடிய அந்தத் தூர தேசத்துக்கும் என்ன தொடர்பு? அதனை நம் சங்க ஆண்டு மலரிலே எழுதுவது பொருத்தமென்று எனக்குத் தோன்றியது. ஏனெனில், பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு வந்தவர்கள் நாம். அகதிகளால் நிறைந்த ஒரு மாநகரில் குடியிருப்பவர்கள் நாம்.

திக்விஜய சிங்ஜி 1895-ஆம் ஆண்டு செப்டம்பர் 18-ஆம் நாள் பிறந்தார். ராஜகோட்டையில் இளவரசர்களுக்கென ஏற்பட்ட ராஜ்குமார் கல்லூரியிலும், பின்னர் இங்கிலாந்தில் மால்வர்ன் பள்ளியிலும், லண்டன் யூனிவர்சிடி கல்லூரியிலும் பயின்றார். 1919-இல் ராணுவ உத்தியோகம் பெற்று ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் சேவை புரிந்து, 1931-இல் ஓய்வு கொண்டார். இவையெல்லாம் அக்காலத்து ராஜகுமாரர் பலருடைய வாழ்விலும் காணக்கூடியவையே. ஆதலின் இவற்றில் நாம் நெடிது நிற்க வேண்டுவதில்லை.

ஆனால் ஒரு செய்தியைக் குறிப்பிட்டே ஆக வேண்டும். ரஞ்சி திருமணம் செய்துகொள்ளாதவர். அவரே சிறுவராய் இருந்தபோது அன்றைய ஜாம்சாகேபால் தத்து எடுக்கப்பட்டு, பிறகு அந்த உரிமை மறுக்கப்பட்டு, நெடுங்காலம் காத்திருந்து 1907-இல்தான் அரியணை ஏறியவர். அவர் தமக்கு வாரிசாகத் தம் உடன்பிறந்தாரின் மகனைத் தத்து எடுத்துக்கொண்டார். அந்த மகனே திக்விஜயர். 1933-இல் ரஞ்சி மறைந்ததும் இவர் பட்டத்துக்கு வந்தார். தத்து என்னும் சொல் அந்த அரண்மனைக்குப் புதியதன்று என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். இக்கதையில் அச்சொல் மீண்டும் வரும்.

முதல் உலக யுத்தத்துக்குப் பின் ஏற்பட்ட சர்வதேச சங்கத்தின் கூட்டங்களுக்கு இந்தியப் பிரதிநிதியாக ரஞ்சி ஜெனீவாவுக்குச் சென்றதுண்டு. அந்த ஏரிக்கரையிலேதான் போலந்தின் புகழ்பெற்ற பியானோ வித்துவானும், 1919-இல் அந்நாட்டின் பிரதம மந்திரியாக இருந்தவருமான பாதரெவ்ஸ்கி வாழ்ந்து வந்தார். திக்விஜயர் அவரைக் கண்டு பழகினார் என்றும், போலந்து நாட்டின் மீது பற்று அப்போதே உண்டாயிற்று என்றும் சொல்வதுண்டு. இசையின் வழியாக வந்த அன்பு பின்னாளில் சோறாகவும் கூரையாகவும் மாறியது என்றால் அதில் வியப்பில்லை. ஆயினும் அன்பு மட்டும் காரணமென்று நான் கருதவில்லை. 1937 முதல் 1944 வரை இவர் சுதேச மன்னர்களின் மண்டலத்திற்குத் தலைவர். யுத்த காலத்தில் நேசநாடுகளின் பக்கம் நின்ற பெரிய பதவிக்காரர். போலந்தும் நேசநாடு. இந்த அரசியலையும் சேர்த்துப் பார்ப்பதே நேர்மை. அதனால் அவர் செய்த காரியத்தின் பெருமை குறைந்துவிடாது.

இனிக் குழந்தைகளின் கதைக்கு வருவோம்.

1939-ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் தேதி ஜெர்மனி மேற்கிலிருந்து போலந்தைத் தாக்கிற்று. அதே மாதம் 17-ஆம் தேதி ருஷ்யா கிழக்கிலிருந்து புகுந்தது. நாடு இரண்டாகப் பிளந்தது. 1940 பிப்ரவரி முதல் 1941 ஜூன் வரை, கிழக்குப் பகுதியில் வாழ்ந்த குடும்பங்கள் லட்சக்கணக்கில் நள்ளிரவில் எழுப்பப்பட்டுச் சரக்கு வண்டிகளில் ஏற்றப்பட்டுச் சைபீரியாவுக்கும் காஸகஸ்தானத்துக்கும் அனுப்பப்பட்டன. மூடிய சரக்கு வண்டி என்பது யாதென்று ரயில்வேயில் வேலை செய்பவனுக்கு நன்கு தெரியும். அதிலே கைக்குழந்தையோடு வாரக்கணக்கில், பனிக்காலத்தில் போவதென்பதை நினைக்க மனம் கூசுகிறது. சேர்ந்த இடத்தில் ஆண்களும் பெண்களும் காட்டில் மரம் வெட்டினர். கூட்டுப் பண்ணைகளில் உழைத்தனர். பசியும் டைபஸ் காய்ச்சலும் அவர்களை வாரிக்கொண்டன. தந்தை சிறையில், தாய் புதைகுழியில், குழந்தை தெருவில் என்ற நிலை பல்லாயிரம் குடும்பங்களுக்கு ஏற்பட்டது.

1941 ஜூன் மாதத்தில் ஜெர்மனி ருஷ்யாவையே தாக்கியபோது காற்றுத் திசை மாறிற்று. லண்டனில் இருந்த போலந்து அரசாங்கமும் ருஷ்யாவும் ஜூலை 30-ஆம் நாள் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது. தெற்கே போலந்துப் படை ஒன்று திரட்டப்படுகிறது என்ற செய்தி பரவவே, கந்தலுடுத்த மக்கள் கூட்டம் கூட்டமாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டது. வழியில் பெற்றோரை இழந்த சிறுவர்களும், தாமே பிழைக்க வழியின்றி இவர்களாவது உயிர்வாழட்டும் என்று தாய்மார்களே கொண்டுவந்து ஒப்படைத்த பிள்ளைகளும் அனாதை விடுதிகளில் சேர்ந்தனர். அவ்வாறு குழந்தைகள் சேர்ந்த இடங்களில் ஒன்று பாரசீக எல்லைக்கு அருகிலுள்ள அஷ்காபாத் நகரம்.

அக்காலத்தில் பம்பாயில் போலந்தின் தூதுவராக இருந்தவர் பனாசின்ஸ்கி. அவருடைய மனைவியார் கீரா அம்மையார் போலந்துச் செஞ்சிலுவைச் சங்கத்தின் பிரதிநிதி. இத்தம்பதிகள் செய்த முயற்சியைச் சொல்லாமல் ஜாம்சாகேபின் வரலாற்றைச் சொல்வது முறையாகாது. அவர்கள் இந்தியாவில் துணிகளும் மருந்துகளும் திரட்டி, லாரிகளில் ஏற்றி அஷ்காபாத்துக்கு அனுப்பினார்கள். சாமான் இறக்கிய லாரிகள் வெறுமையாகத் திரும்பவில்லை. அவற்றில் குழந்தைகள் ஏற்றப்பட்டனர். அஷ்காபாத்திலிருந்து மலைப்பாதைகளைக் கடந்து மெஷேத், அங்கிருந்து தெற்கே பாலைவன வழியாக ஸாஹிதான், பின்பு பலூசிஸ்தானத்து நோக்குண்டி, குவெட்டா என்று அந்தப் பிரயாணம் நீண்டது. முதல் கூட்டத்தோடு கூட வந்தவர்களுள் போலந்து மேடைகளிலே பெரும் புகழ் பெற்றிருந்த பாடகி ஹங்கா ஓர்தோனுவ்னாவும் ஒருவர். அவரும் நோயுற்றவரே. அந்த நிலையிலும் குழந்தைகளைத் தாயைப் போல் காத்து வந்தார். பின்னர் அவர்களைப் பற்றி ஒரு நூலும் எழுதினார்.

இந்தப் பாதையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போக என் தொழில் இடங்கொடுக்கவில்லை. குவெட்டாவிலிருந்து ஸாஹிதான் வரை நம் அகல இருப்புப்பாதை 1922-இலேயே சென்றிருந்தது. பிறகு வருமானம் போதாதென்று நோக்குண்டிக்கு அப்பாலுள்ள தண்டவாளங்களைப் பெயர்த்துவிட்டார்கள். யுத்தம் வந்ததும் மறுபடி போட்டார்கள். லாபக் கணக்கில் பயனற்றதென்று எழுதித் தள்ளிய பாதை, ஆபத்துக் காலத்தில் உயிர்ப்பாதையாகிவிடுவதைப் பல தேசங்களில் கண்டிருக்கிறோம்.

குழந்தைகள் வருவதென்பது முடிவானாலும் அவர்களை எங்கே வைப்பது, யார் செலவு செய்வது என்ற கேள்விகள் எழுந்தன. இந்திய அரசாங்கம் முதலில் 500 குழந்தைகளை ஏற்க இசைந்தது. ஆனால் செலவைத் தர்ம நிதியிலிருந்தே ஈடுகட்ட வேண்டுமென்றது. சர்க்கார் காரியங்களில் இத்தகைய நிபந்தனை ஒன்று எங்கேனும் ஒளிந்திருப்பது வழக்கம். அனுமதி ஒரு கையாலும், அதை நடக்கவொட்டாமல் தடுக்கும் குறிப்பு மறுகையாலும் எழுதப்படும். அந்த நிலையில்தான் ஜாம்சாகேப் முன்வந்தார். தம் சமஸ்தானத்தில் நிலம் தருவதாகவும், விடுதி அமைத்துத் தருவதாகவும் கூறினார். மன்னர் மண்டலத்தின் தலைவர் என்ற முறையில் பிற சமஸ்தானாதிபதிகளிடமும் பொருள் கேட்டார். மன்னர்களும் செல்வந்தர்களும் பணம் உதவினர்.

ஜாம்நகரிலிருந்து ஏறக்குறைய 25 கிலோமீட்டர் தொலைவில், கட்ச் வளைகுடாவின் கரையில் பாலாசடி என்றொரு சிற்றூர் உண்டு. கோடைக்காலத்தில் தங்குவதற்காக ஜாம்சாகேப் குடும்பத்திற்கு அங்கே ஒரு மாளிகை இருந்தது. அதற்கு அண்மையிலேயே குழந்தைகளின் விடுதி எழுந்தது. தூரத்தில் எங்கேனும் ஒரு மூலையில் கொட்டகை போட்டுக் கொடுத்துக் கைகழுவியிருக்கலாம். அவ்வாறன்றித் தம் வாசலுக்கு அருகில் இடம் தந்தது கவனிக்கத்தக்கது. கட்டடம் முடியும் வரை முதற்கூட்டத்துக் குழந்தைகள் சில மாதங்கள் பம்பாய்ப் பாந்திராவில் தங்கினர். 1942 ஜூலையில் அவர்கள் பாலாசடிக்கு வந்து சேர்ந்தார்கள். அடுத்தடுத்துப் பிற கூட்டங்களும் வந்தன. எல்லாமாக அறுநூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் அந்த விடுதியில் வளர்ந்தார்கள்.

அவர்கள் வந்த கோலத்தைப் பார்த்தவர்கள் கண் கலங்கினர். எலும்பும் தோலுமான உடல், பேன் தொல்லைக்காக மழித்த தலை, நடுங்கும் கால்கள். நல்ல உணவு வேளைதோறும் கிடைக்கத் தொடங்கிய பிறகும், அடுத்த வேளைக்குக் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற அச்சத்தால் ரொட்டித் துண்டுகளைப் படுக்கையின் கீழ் ஒளித்து வைக்கும் பழக்கம் இத்தகைய குழந்தைகளிடம் எளிதில் போவதில்லை. வயிற்றுப் பசி சில நாளில் தீரும். மனத்தில் புகுந்த பசி தீர ஆண்டுகள் ஆகும். ஜாம்சாகேப் அவர்களை வரவேற்றபோது, இனி அவர்கள் தம்மை அனாதைகள் என்று நினைக்க வேண்டாமென்றும், இன்று முதல் அவர்கள் நவாநகரத்துக் குழந்தைகளென்றும், நவாநகர் மக்கள் அனைவருக்கும் தந்தையாகிய தாம் அவர்களுக்கும் தந்தையென்றும் கூறினார். அன்று முதல் குழந்தைகள் அவரை அந்நாட்டு வழக்கப்படி பாபு என்றே அழைத்தனர்.

இவ்வாறு சொல்வது எளிது. விழா மேடையில் எவரும் சொல்லலாம். அவர் அதனை நடத்திக் காட்டிய விதத்தில் ஒரு சிறு சம்பவம் என்னை மிகவும் கவர்ந்தது. விடுதியில் கீரை அடிக்கடி சமைத்துப் போட்டார்கள். உடல் தேற அது நல்லதென்று பெரியவர்கள் எண்ணினார்கள். பிள்ளைகளுக்கோ அது பிடிக்கவில்லை. ஒரு நாள் அவர்கள் ஒன்றுகூடிக் கீரையைத் தொடமாட்டோமென்று வேலைநிறுத்தம் செய்துவிட்டார்கள். செய்தி மன்னரின் காதுக்கு எட்டியது. விடுதித் தலைவர்கள் தண்டனையை எதிர்பார்த்திருக்கக்கூடும். அவரோ இனி அந்தக் கீரையைச் சமைக்க வேண்டாமென்று சமையற்காரர்களுக்குக் கட்டளையிட்டார். நம் வீடுகளில் பிள்ளைகள் கீரை வேண்டாமென்றால் நாம் என்ன செய்கிறோம் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன். ஆனால் சைபீரியாவில் கிடைத்ததைத் தின்று உயிர் தாங்கிய ஒரு குழந்தை, இது எனக்கு வேண்டாம் என்று சொல்லத் துணிந்ததே அதன் மனம் தேறி வருவதற்கு அடையாளம். அதை அந்த மன்னர் உணர்ந்திருந்தார் என்றே நினைக்கிறேன்.

இதனினும் முக்கியமானது மற்றொன்று. அந்தப் பிள்ளைகளை அவர் குஜராத்திகளாகவோ ஆங்கிலேயராகவோ ஆக்க முயலவில்லை. விடுதியின் பொறுப்பு பிரான்சிஸெக் புளூதா என்ற போலந்துப் பாதிரியாரிடம் இருந்தது. பள்ளிக்கூடப் பாடங்கள் போலிஷ் மொழியிலேயே நடந்தன. தேவாலய வழிபாடு அவர்கள் முறைப்படி நடந்தது. சாரணர் படை, கால்பந்துக் குழு, பாட்டு, நாடகம் எல்லாம் இருந்தன. போலந்துக் கொடி இந்திய மண்ணில் கம்பத்தில் ஏறிற்று. அவர்கள் தங்கள் நாட்டுக் கதைகளை நாடகமாக நடிக்கும்போது ஜாம்சாகேப் வந்து முன்வரிசையில் அமர்ந்து பார்ப்பார். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குப் பரிசுகள் அளிப்பார். அந்தக் குழந்தைகள் ஒரு நாள் ஊர் திரும்ப வேண்டியவர்கள். அப்போது அவர்கள் தங்கள் மொழியை மறந்தவர்களாய்ச் சென்றால் இரண்டாம் முறையாக அனாதைகளாவார்கள் என்ற எண்ணம் இதற்கு அடிப்படை. பள்ளி விட்டு வந்தால் வங்காளியும் இந்தியும் பேசும் நம் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் அரிச்சுவடி சொல்லிக்கொடுக்கச் சிரமப்படும் நம் சங்கத்தாருக்கு இதன் அருமை தெரியாமற் போகாது.

இதே 1942 ஜூலை மாதத்தில், போலந்தின் தலைநகரில் நடந்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். வார்சாவில் யூதர்களை அடைத்து வைத்திருந்த சுவர் சூழ்ந்த பகுதியில் யானுஷ் கோர்ச்சாக் என்ற மருத்துவர் ஓர் அனாதை இல்லம் நடத்தி வந்தார். ஜூலை 18-ஆம் நாள் அந்தக் குழந்தைகள் ஒரு நாடகம் நடித்தார்கள். அது நம் ஊர்க் கவியரசர் ரவீந்திரநாத தாகூரின் டாக்கர் என்னும் தபால் நிலைய நாடகம். நோயுற்ற ஒரு சிறுவன் ஜன்னலருகே இருந்து அரசனின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை அது. ஆகஸ்டு முதல் வாரத்தில் கோர்ச்சாக்கும் அவருடைய குழந்தைகளும் திரெப்ளிங்கா கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்பட்டனர். ஒரே நாட்டுக் குழந்தைகள், ஒரே மாதம். ஒரு கூட்டம் பாலாசடிக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. மற்றொரு கூட்டத்துக்கு நம் வங்காளத்து நாடகம் ஒன்றைத் தவிர வேறொன்றும் போய்ச் சேரவில்லை.

இங்கே நம்முள் சிலருக்கு ஒரு வினா எழக்கூடும். அது நியாயமான வினாவும் ஆகும். அந்த 1942-ஆம் ஆண்டிலேதான் பர்மாவிலிருந்து நம் மக்கள் நடந்து வந்தார்கள். 1941 டிசம்பர் 23-ஆம் நாள் இரங்கூனில் குண்டு விழுந்தபின், லட்சக்கணக்கான இந்தியர்கள், அவர்களுள் பல்லாயிரம் தமிழர்கள், அரக்கான் வழியாகவும் மணிப்பூர்க் காடுகள் வழியாகவும் புறப்பட்டார்கள். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். தப்பியவர்கள் திமாப்பூரிலும் சிட்டகாங்கிலும் ரயிலும் படகும் ஏறிக் கல்கத்தா வந்தனர். தாய் தந்தையரை மலைப்பாதையில் விட்டு வந்த தமிழ்க் குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். வெள்ளையர் வருவதற்கு நல்ல பாதை, கறுப்பர்களுக்குக் கெட்ட பாதை என்று வேற்றுமை காட்டியதாக அக்காலத் தலைவர்கள் கடுமையாகக் கண்டித்தார்கள். அடுத்த ஆண்டிலோ வங்காளப் பஞ்சம் வந்து, கல்கத்தா வீதிகளில் கஞ்சித் தண்ணீர் கேட்டு மக்கள் மடிந்தனர். நம் வீட்டுக் குழந்தைகள் இந்த நிலையில் இருக்கும்போது அயல்நாட்டுக் குழந்தைகளுக்கு விடுதியா என்று ஒருவர் கேட்டால் நாம் என்ன சொல்வது?

போலந்துக் குழந்தைகள் வெள்ளையராகவும் நேசநாட்டினராகவும் இருந்தமையால் ஆங்கில அரசாங்கத்தின் கதவு சற்றே எளிதில் திறந்தது என்பதை மறுக்கமாட்டேன். பர்மாவிலிருந்து வந்த நம்மவர்க்கு அதில் பாதிக் கவனமாவது கிடைத்திருந்தால் எத்தனையோ உயிர் பிழைத்திருக்கும். இது ஆட்சியின் குற்றம். ஆனால் ஒரு குழந்தைக்குக் கிடைத்த சோறு மற்றொரு குழந்தையின் வாயிலிருந்து பறித்ததன்று. நம் கல்கத்தாவில் மார்வாரி நிவாரணச் சங்கத்தாரும் ராமகிருஷ்ண மிஷனாரும் பர்மா அகதிகளுக்குச் செய்ததும், நவாநகரில் அவர் செய்ததும் ஒரே வகைக் காரியந்தான்.

அந்த ஆண்டிலேயே ஜாம்சாகேபுக்குப் பெரிய பதவி ஒன்றும் வந்தது. பிரிட்டிஷ் யுத்த மந்திரி சபையில் இந்தியாவின் சார்பில் அமர இருவரை அழைத்தார்கள். ஒருவர் இவர், மற்றவர் நம் சர் ஏ. ராமசாமி முதலியார். முதலியார் பின்னர் ஐக்கிய நாடுகளின் பொருளாதார சமூகக் குழுவுக்கு முதல் தலைவரானவர் என்பது யாவரும் அறிந்ததே. நாடு சிறை புகுந்திருந்த நேரத்தில் இவர்கள் இலண்டனில் அமர்ந்ததைக் குறைகூறியவர் அன்றும் பலர். அந்த வழக்கைத் தீர்ப்பது இக்கட்டுரையின் வேலையன்று.

1945-இல் யுத்தம் முடிந்தது. முடிந்ததும் குழந்தைகளுக்குப் புதிய ஆபத்து வந்தது. போலந்தில் ருஷ்யாவின் ஆதரவு பெற்ற புதிய அரசாங்கம் அமைந்தது. 1945 ஜூலையில் பிரிட்டன் அதனையே அங்கீகரித்தது. லண்டனிலிருந்த பழைய அரசாங்கம் கடிதத் தலைப்பில் மட்டும் எஞ்சியது. புதிய அரசாங்கம் குழந்தைகளைத் திருப்பி அனுப்பக் கேட்டது. தந்தை தாய் உள்ள குழந்தையானால் பெற்றோர் முடிவு செய்வர். இல்லாத குழந்தைக்கு யார் முடிவு செய்வது? தங்களைச் சைபீரியாவுக்கு அனுப்பியவர்களின் நிழலில் வாழத் திரும்பிப் போவதை நினைத்து, விவரம் தெரிந்த பிள்ளைகள் அஞ்சினார்கள். இவர்களுக்குச் சட்டப்படி உரியவர் எவருமில்லை என்ற ஒரே காரணத்தால், எவர் வேண்டுமானாலும் எங்கு வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம் என்ற நிலை.

அப்போது ஜாம்சாகேபும், புளூதா பாதிரியாரும், விடுதிக்கும் அரசாங்கத்துக்கும் தொடர்பாளராயிருந்த கிளார்க் என்ற ஆங்கில அதிகாரியும் சேர்ந்து பெற்றோரற்ற பிள்ளைகளைச் சட்டப்படி தத்து எடுத்துக்கொண்டார்கள். வரவேற்பு நாளில் சொன்ன சொல் இப்போது பத்திரமாயிற்று. காகிதத்தோடு பிழைப்பவன் நான். ஒரு காகிதம் இல்லாமையால் ஓய்வூதியமும் குடும்ப நிதியும் ஆண்டுக்கணக்கில் நின்றுபோன குடும்பங்களைக் கண்டிருக்கிறேன். ஆதலின், அவர் கட்டிய கொட்டகையையும் கொடுத்த உணவையும் விட இந்தப் பத்திரத்தையே நான் பெரிதாக மதிக்கிறேன். பசித்தவனுக்குச் சோறிட எத்தனையோ பேர் உண்டு. இவன் என்னுடையவன் என்று கையெழுத்திட முன்வருபவர் அரிது.

1946-இல் பாலாசடி விடுதி மூடப்பட்டது. புளூதா பாதிரியாரோடு 81 பிள்ளைகள் அமெரிக்கா சென்றனர். பெரும்பாலோர் கோல்ஹாப்பூருக்கு அருகே வலிவடே என்னுமிடத்தில் 1943 முதல் நடந்துவந்த பெரிய போலந்துக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டார்கள். அங்கே ஏறத்தாழ ஐயாயிரம் போலந்து மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், வாழ்ந்து வந்தனர். நாடு விடுதலை பெற்ற பின் 1948-க்குள் அவர்களும் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, அமெரிக்கா, போலந்து எனப் பல திசைகளில் பிரிந்தனர். உறவினர் எவரேனும் உயிரோடிருப்பதாகத் தெரிந்த சிலர் அவர்களைத் தேடிச் சென்றனர்.

கொல்கத்தாவில் இருந்துகொண்டு இதனைப் படிக்கும்போது சியால்தா நிலையம் நினைவுக்கு வராமல் இராது. 1947-க்குப் பின்னும், 1950-இலும் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் அந்த நிலையத்தின் மேடைகளிலேயே மாதக்கணக்கில் குடியிருந்தனர். 1971-இல் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் எல்லை தாண்டி வந்தார்கள். 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து படகேறி இராமேசுவரம் வந்த நம்மவருள்ளும், பெற்றோர் அங்கேயே தங்கிவிடப் பிள்ளைகள் மட்டும் வந்தவர்கள் உண்டு. இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆனால் குழந்தைகளின் உரிமை பற்றிய உலக உடன்படிக்கையை 1992-இல் ஏற்றுக்கொண்டது. அகதியாக வரும் குழந்தைக்கும் பாதுகாப்பு வேண்டுமென்று அந்த உடன்படிக்கையிலே தனி விதி இருக்கிறது. 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டப்படி, நம் நிலையங்களில் தனியே காணப்படும் குழந்தையை எந்த மொழி பேசினாலும் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்ல வேண்டும். அதற்கான தொலைபேசி எண் 1098 என்று மேடைகளில் எழுதி ஒட்டியிருப்பதை அன்பர்கள் பார்த்திருக்கலாம். பார்த்திராவிட்டால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது ஹௌராவில் பாருங்கள்.

ஜாம்சாகேபின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1947-இல் தம் சமஸ்தானத்தை இந்தியாவோடு இணைத்தார். 1948 பிப்ரவரி 15-ஆம் நாள் கத்தியவார் சமஸ்தானங்கள் ஒன்றாயின. பின்னர் சௌராஷ்டிரம் எனப் பெயர் பெற்ற அந்த ராஜ்யத்துக்கு இவரே ராஜப்பிரமுகர். 1956-இல் அது பம்பாயோடு சேரும் வரை அப்பதவியில் இருந்தார். சோமநாதர் கோயிலைப் புதுப்பித்த அறக்கட்டளையிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. ஐக்கிய நாடுகளின் சபைக்குச் சென்ற இந்தியத் தூதுக் குழுவில் இடம் பெற்றார். கொரியா யுத்தத்துக்குப் பின் அந்நாட்டின் புனர்வாழ்வுக்கான குழுவிலும் பணியாற்றினார். யுத்தத்தால் வீடிழந்தோரைப் பற்றி அவருக்கு எவரும் பாடம் சொல்லித் தரவேண்டியிருந்திராது. 1966 பிப்ரவரி 3-ஆம் நாள் அவர் காலமானார்.

அவர் வாழ்ந்த காலத்தில் போலந்து அரசாங்கம் அவரைக் கொண்டாடவில்லை. சைபீரியாவைப் பற்றிப் பேசுவதே அங்கே அன்று ஆகாத காரியமாதலால், சைபீரியாவிலிருந்து தப்பிய குழந்தைகளைப் பற்றியும் பேச இயலவில்லை. 1989-இல் ஆட்சி மாறிய பிறகே வாய்ப்பூட்டு கழன்றது. 1999-இல் வார்சாவில் ஒரு பள்ளிக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 2012-இல் ஒரு சதுக்கத்துக்கு நல்ல மகாராஜா சதுக்கம் என்று பெயர் வைத்தார்கள். மறைந்து அரை நூற்றாண்டு நெருங்கும் வேளையில் அந்நாட்டின் உயர்ந்த விருதொன்றையும் அவருக்கு அளித்தார்கள். 2024 ஆகஸ்டில் நம் பிரதம மந்திரி வார்சா சென்றபோது அந்நினைவிடத்தில் மலர் வைத்தார்.

குழந்தைகளாய் வந்தவர்கள் லண்டனில் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் கூடி, தங்கள் இந்திய வாழ்வைப் பற்றிப் பெரியதொரு நூலும் தொகுத்தார்கள். 2018-இல் அவர்களுள் சிலர் பாலாசடிக்கு வந்தனர். எல்லாரும் எண்பது வயதை ஒட்டியவர்கள் அல்லது கடந்தவர்கள். அவர்கள் உறங்கிய கொட்டகைகள் இப்போது இல்லை. 1960-களில் அவ்விடத்துக்கு வந்த சைனிக் பள்ளியின் மாணவர்கள் அங்கே அணிவகுத்து நின்று அவர்களை வரவேற்றார்கள். கடல் மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.